கம்பெனி பேரைச் சொல்லாதீங்க… அளவைச் சொல்லுங்க!

பரணில் கிடக்கும் பழைய வேக்குவம் கிளீனருக்கு வல்லத்திராக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு உதிரிபாகம் தேட முடியுமா?

“அந்த மாடலே நின்னுபோச்சு சார். புதுசு வாங்கிக்குங்க.”

முப்பது வருடத்துக்கு முந்தைய வேக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டர் படியேறினால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் இதுதான். பதில் பொய்யில்லை. மாடல் நின்றுதான் போயிருக்கும். ஆனால், மாடல் நின்றுபோனால் மெஷினும் செத்துப்போனதாக அர்த்தமா என்பதுதான் கேள்வி.

புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி வட்டத்தில் இருக்கிறது வல்லத்திராக்கோட்டை. செம்மண் பூமி. தைலமரமும் முந்திரியும் ஆழ்துளைக் கிணறும்தான் இந்தப் பக்கத்து அடையாளம். இங்கே வேக்குவம் கிளீனருக்கு என்ன வேலை என்று பட்டணத்துக்காரர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சிமென்ட் தரைக்கு விளக்குமாறு போதும், வாசலுக்கு ஈர்க்குமாறு போதும். இந்த மாதிரி ஊர்ப்பக்கங்களில் மெஷின் உழைப்பது வேறு இடங்களில்: பள்ளிவாசல் விரிப்புகள், கல்யாண மண்டபத்து மேடை, கார்களுக்கு வாட்டர் சர்வீஸ் போடும் ஷெட், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சம்பாதித்துத் திரும்பியவர் கட்டிய வீட்டின் சோபா செட். செம்மண் புழுதி சோபாத் துணிக்குள் இறங்கிவிட்டால் எந்த விளக்குமாறும் அதை எடுக்காது.

இப்படிப்பட்ட மெஷின்கள் ஊருக்குள் வந்த வழி இரண்டு. ஒன்று, விமானத்தில் பெட்டியோடு பெட்டியாக வந்தவை. இன்னொன்று, திருச்சியிலோ சென்னையிலோ உத்தியோகம் பார்த்த சொந்தக்காரர் ஒரு காலத்தில் வாங்கி, பிறகு ஊர்வீட்டுக்கு அனுப்பிவைத்தவை. இந்த இரண்டாவது ரகத்தில் பெரும்பங்கு யுரேகா ஃபோர்ப்ஸின் ‘யூரோகிளீன்’. ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் கூட்டோடு 1982-ல் தொடங்கிய நிறுவனம் அது. கழுத்தில் டை கட்டிய இளைஞர்கள் வீடு வீடாக ஏறி, மெத்தையை மெஷினால் உறிஞ்சி, சேர்ந்த தூசியை வீட்டுக்காரம்மா கண்முன்னே கொட்டிக் காட்டி விற்றார்கள். ‘இத்தனை நாளா இதுலயா படுத்தோம்?’ என்ற கூச்சத்திலேயே பாதி விற்பனை முடிந்துவிடும். அன்றைக்குத் தவணையில் வாங்கிய அந்த மெஷின்களுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது.

மிக்சிக்கு ஒன்றுவிட்ட அண்ணன்

மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது நமக்குப் பழக்கமான சாமான்தான். மிக்சியில் இருக்கும் அதே ஜாதி மோட்டார். யுனிவர்சல் மோட்டார் என்பார்கள். நிற்கிற காயிலுக்கும் சுற்றுகிற ஆர்மேச்சருக்கும் ஒரே மின்சாரம் வரிசையாக ஓடும். சுற்றுகிற பகுதிக்குக் கரண்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை இரண்டு கரித்துண்டுகள். கடைமொழியில் ‘கார்பன்’. மிக்சியில் இந்த மோட்டாரின் தலையில் பிளேடு. வேக்குவம் கிளீனரில் ஃபேன். நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேலும் சுழலும் அந்த ஃபேன் காற்றை வெளியே தள்ள, உள்ளே காற்றழுத்தம் குறைய, ஹோஸ் வழியாகத் தூசியோடு காற்று ஓடிவரும். இவ்வளவுதான் தொழில்நுட்பம்.

ஆகவே, வேக்குவம் கிளீனர் மெக்கானிக் கிடைக்கவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் மிக்சி மெக்கானிக் இல்லாத கடைத்தெரு உண்டா? இந்த மிக்சிக்கே ஒரு ரிப்பேர் கதை இருக்கிறது. ‘சுமித்’ மிக்சியை உருவாக்கிய சத்ய பிரகாஷ் மாத்தூர் மும்பையில் சீமென்ஸில் வேலைபார்த்த என்ஜினீயர். அவர் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் மிக்சி நம் ஊர் அரைப்புக்குத் தாக்குப்பிடிக்காமல் பழுதாகி, அதை இங்கே சரிசெய்ய வழியில்லாமல் போனதுதான் 1960-களில் சுமித் பிறக்கக் காரணம் என்பார்கள். உதிரிபாகம் கிடைக்காத எரிச்சலில் ஒரு தொழிற்சாலையே உருவானது. அந்த சுமித்துக்கே இன்று ஒரிஜினல் பாகம் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

புதுக்கோட்டைச் சீமையில் இன்னொரு வசதியும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றை நம்பிய விவசாயம் என்பதால் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு இந்த வட்டாரத்தில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு குடிதண்ணீர் ஏற்றிய அந்த நாட்களில் ஒயர்மேனுக்கும் மோட்டார் மெக்கானிக்குக்கும் ஊருக்குள் இருந்த மரியாதையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கைவேலை நம்மிடம் இருக்கிறது. பாகத்தை எந்தப் பெயரில் கேட்பது என்பதில்தான் இடறுகிறோம்.

கார்பனும் பேரிங்கும்

‘யூரோகிளீன் கார்பன் இருக்கா?’ என்று கேட்டால் எலெக்ட்ரிகல் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். பழைய கார்பனைக் கையில் கொண்டுபோய், தடிமன் இத்தனை மில்லிமீட்டர், அகலம் இத்தனை, ஒயர் நடுவில் வருகிறதா ஓரத்தில் வருகிறதா என்று சொன்னால் டிராயரைத் திறப்பார். கிரைண்டிங் மெஷினுக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் விற்கும் கார்பன்களில் ஒன்று ஏறக்குறையப் பொருந்தும். கொஞ்சம் பெரிதாக இருந்தால் நைஸ் அரத்தில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம். சிறியதை மட்டும் வாங்கக் கூடாது. கூட்டுக்குள் ஆடினால் பொறி பறக்கும், கம்யூட்டேட்டர் கருகும். மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். மாற்றுவது என்றால் ஜோடியாகத்தான். கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்ய எமரி பேப்பரைத் தொடாதீர்கள். அதன் துகள் செப்புப் பட்டைகளுக்கு இடையில் சிக்கினால் ஷார்ட் ஆகும். கண்ணாடித்தூள் பேப்பர்தான் சரி. புது கார்பன் போட்டதும் முழு வேகத்தில் இழுக்காமல் கொஞ்ச நேரம் லோடு இல்லாமல் ஓடவிட்டால் செம்பின் வளைவுக்கு அது தானே படிந்துகொள்ளும்.

பேரிங் விஷயத்தில் பயமே வேண்டாம். மோட்டார் கீச்சென்று கத்தினால் முதல் சந்தேகம் பேரிங் மேல்தான். அதன் விளிம்பில் நம்பர் பொறித்திருக்கும். 608 என்றால் உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, கனம் 7. ஸ்வீடனில் செய்தாலும் சீனாவில் செய்தாலும் 608 என்றால் 608. குழந்தைகள் சுற்றி விளையாடிய ஃபிட்ஜெட் ஸ்பின்னரில் இருந்ததும் இதுதான். டிராக்டருக்கும் ரைஸ்மில்லுக்கும் பேரிங் விற்கும் கடையில் இதைக் கேட்டால் போதும். இரண்டு பக்கமும் தகரமூடி போட்ட ரகமாகக் கேளுங்கள். ரப்பர் மூடி போட்டது இந்த வேகத்தில் சூடாகும். இன்னும் பழைய மெஷின்களில் பேரிங்குக்குப் பதில் வெண்கலப் புஷ் இருக்கும். அதைக் கடையில் தேடி அலைய வேண்டாம். லேத் பட்டறையில் கடைந்து கொடுப்பார்கள்.

கழற்றுவதில்தான் ஒரு சூட்சுமம். ஃபேனைப் பிடித்திருக்கும் நட் சில மோட்டார்களில் இடதுமரை. வழக்கமான திசையில் பலத்தைக் காட்டினால் கழலாமல் இன்னும் இறுகி, கடைசியில் தண்டு முறியும். ஃபேன் மெல்லிய அலுமினியத் தகடு. ஓர் இதழ் வளைந்தாலும் அந்த வேகத்தில் மெஷின் முழுக்க அதிரும், புது பேரிங்கும் சீக்கிரம் போகும். ஆர்மேச்சரை மறுபடி கட்டுவதாக இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். எடை ஒரு பக்கம் சாய்ந்த ஆர்மேச்சர் தண்ணீர் மோட்டாரில் பிழைத்துவிடும். இதில் பிழைக்காது. மிக்சி ஆர்மேச்சர் கட்டிப் பழகிய கையைத் தேடுங்கள்.

மோட்டார் மொத்தமாகவே கருகிவிட்டால்? அதுவும் அளவுதான். வெளிவிட்டம், மொத்த உயரம், ஒற்றை ஃபேனா இரட்டை ஃபேனா, எத்தனை வாட்ஸ்: இந்த நான்கையும் குறித்துக்கொண்டால் ஆன்லைனில் விற்கும் பொது ரக மோட்டார்களில் ஒன்றைப் பொருத்திவிட முடிகிறது. நட்டு, ரப்பர் வாஷர் கொஞ்சம் முன்பின் இருக்கும். ‘செட் பண்ணிடலாம்’ என்ற நம் ஊர் மந்திரம் அதற்குத்தான் இருக்கிறது.

டெய்லர் கடைக்கும் போகலாம்

உலகத்தின் முதல் வேக்குவம் கிளீனர்களைப் பார்த்தால் நம் ஊர் ஒட்டுவேலை எவ்வளவோ மேல். லண்டனில் 1901-ல் ஹியூபர்ட் செசில் பூத் செய்த மெஷின் குதிரை இழுக்கும் வண்டி அளவு. தெருவில் நிறுத்தி ஜன்னல் வழியாகக் குழாயை விட்டு உறிஞ்சினார்கள். அமெரிக்காவின் ஒஹையோவில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர் ஒரு கடைக்கட்டடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் ஊழியர். தூசியால் இழுப்பு வந்து அவதிப்பட்டவர். ஃபேன் மோட்டார், விளக்குமாற்றுக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி அவர் செய்ததற்கு 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கியவர்தான் ஹூவர். இன்றைய கம்பெனி ‘ஒரிஜினல் பை’யின் பூர்வீகம் ஒரு தலையணை உறை என்பது தெரிந்தால், பை கிடைக்கவில்லை என்று மெஷினைத் தூக்கிப்போட மனம் வராது.

துணிப்பை கிழிந்திருந்தால் தையலைப் பிரித்து, அதையே அளவாக வைத்து டெய்லரிடம் நெருக்கமாக நெய்த காட்டன் துணியில் தைத்து வாங்கலாம். ரொம்ப நெருக்கமான துணியில் காற்று போகாது. மோட்டார் மூச்சுத்திணறிச் சூடாகும். ரொம்ப மெல்லியதில் புழுதி வெளியே வந்துவிடும். வாயில் வைத்து ஊதிப்பார்த்தால் மூச்சு சிரமமில்லாமல் கடக்க வேண்டும். அந்தப் பதம் போதும். பேப்பர் பை போடும் மாடல் என்றால் பழைய பையின் அட்டைக் கழுத்தை வெட்டிப் பத்திரப்படுத்துங்கள். மாடலுக்கு மாடல் மாறுவது அந்தக் கழுத்து மட்டும்தான். பின்னால் தொங்கும் பை எதுவாகவும் இருக்கலாம். பை இல்லாமல் மட்டும் ஓட்டிவிடக் கூடாது. பழைய மெஷின்கள் பலவற்றில் மோட்டாரைக் குளிர்விப்பதும் உறிஞ்சிய அதே காற்றுதான். செம்மண் நேராகக் காயிலுக்குள் போகும்.

ஹோஸ் பெரும்பாலும் கைப்பிடிக்குப் பக்கத்தில்தான் விரிசல் விடும். விரிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கைப்பிடி மரையில் திருகினால் நீளத்தில் ஒரு சாண் போகும், மெஷின் பிழைக்கும். முழுதும் போய்விட்டால் 32 மில்லிமீட்டரா 35-ஆ என்று உள்விட்டம் பார்த்து, கார் வாஷ் சாமான்கள் விற்கும் கடையில் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒயர். பழைய ரப்பர் ஒயர் உள்ளுக்குள் பொடியாகியிருக்கும். தகர உடம்பு மெஷினில் இரண்டு பின் பிளக் இருந்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் மூன்று கோர் ஒயராக மாற்றி எர்த் கொடுங்கள். கார்பனும் பையும் அப்புறம்.

வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் என்றால், இயக்குவதற்கு முன்னால் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய் மெஷின்களுக்கு நம் கரண்ட் ஒத்துவரும். பிளக்கை மாற்றினால் போதும். சவுதி அப்படியில்லை. அங்கே நெடுங்காலம் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் கலந்தே புழங்கின. அங்கிருந்து வந்த பழைய மெஷினில் 110 அல்லது 127 என்று இருந்து, அதை நம் 230-ல் செருகினால் புகைதான் வரும். அமெரிக்க மெஷினுக்கும் இதே கதிதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதுவும் மெஷினின் வாட்ஸைவிடக் கூடுதல் திறன் உள்ளதாக. நல்ல மெஷின்கள் பல செத்தது பழுதால் அல்ல, இந்த ஒரு செருகலால்.

அளவுக்கு மடங்காதவை

இதுவரை சொன்னதெல்லாம் அளவால் பிடிக்கக்கூடிய பாகங்கள். அளவால் பிடிக்க முடியாதவையும் உண்டு: மூடியை இறுக்கும் பிளாஸ்டிக் கொக்கி, ஒயரைத் தானே உள்ளிழுக்கும் ஸ்பிரிங் டப்பா, மெஷினின் வாய்க்கென்றே வார்த்த கப்ளிங். கிரஹாம் கிரீன் 1958-ல் எழுதிய ‘அவர் மேன் இன் ஹவானா’ நாவலில் க்யூபாவில் வேக்குவம் கிளீனர் விற்கும் ஒருவர், மெஷினின் பாகங்களை வரைந்து ‘மலைக்குள் ரகசிய ஆயுதம்’ என்று பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு அனுப்பி ஏமாற்றுவார். லண்டனில் நம்பிவிடுவார்கள். ஓர் உடைந்த கப்ளிங்கைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி ‘இது எதோடது?’ என்று கேட்கப்பட்டவர்களுக்கு அந்த உளவுத்துறை மேல் கோபமே வராது.

இந்த ரகப் பாகத்துக்கு ஒரே வழி, அதே மாடலில் செத்துப்போன இன்னொரு மெஷின். சென்னையில் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோகும்வரை இப்படிப்பட்ட தேடல்களுக்கு ஒரு முகவரி இருந்தது. இப்போது ஆன்லைனில் பழைய பொருள் விற்கும் தளங்களும், ஊர் ஊராக இருக்கும் காயலான் கடைகளும்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் எனாமல் பாத்திரத்துக்கும் மரத்தூணுக்கும் விலை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்றைய வேக்குவம் கிளீனர் இன்னும் அந்தத் தகுதிக்கு வரவில்லை. அதனால் எடைக்குப் போகிறது. செம்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று உடைபடும்போது, எங்கோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கும் கொக்கியும் சேர்ந்து நொறுங்குகிறது.

ஒரு கொக்கிக்காக முழு மெஷினைத் தூக்கிப்போட வைப்பது யாருடைய தவறு? தயாரிப்பாளருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செய்ய மனமிருந்தால் முடியும். பிரிட்டனில் நூமாட்டிக் நிறுவனம் 1981 முதல் விற்கும், சிரித்த முகம் வரைந்த ‘ஹென்றி’ மெஷின் பெயர் வாங்கியதே எளிதாகக் கழற்றலாம், பாகம் கிடைக்கும் என்பதற்காகத்தான். மனமில்லாதவர்களுக்குச் சட்டம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் கொண்டுவந்த விதிப்படி அங்கே விற்கும் வேக்குவம் கிளீனரின் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும்; ஹோஸ் 40,000 முறை வளைத்தாலும் தாங்க வேண்டும். வாரத்துக்கு அரைமணி என்று வைத்தால் 500 மணி என்பது பத்தொன்பது வருடம். 2024-ல் நிறைவேறிய பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தின் பட்டியலிலும் வேக்குவம் கிளீனர் இருக்கிறது. உறுப்பு நாடுகள் அதை நடைமுறைப்படுத்தக் குறித்த நாள் 2026 ஜூலை 31.

நம் நாட்டில்? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில், பழுதுபார்ப்பு உரிமைக்கென்று இணையதளம் திறந்தார்கள். விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என நான்கு துறைகளின் நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ், உதிரிபாக விவரங்களை அதில் தரலாம். ‘தரலாம்’ என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. மாடலை நிறுத்திய பிறகும் இத்தனை வருடம் பாகம் தந்தாக வேண்டும் என்றோ, தர முடியாவிட்டால் அந்தப் பாகத்தின் அளவுப்படத்தையாவது வெளியிட வேண்டும் என்றோ கட்டாயம் வந்தால்தான் வல்லத்திராக்கோட்டைக்காரருக்குப் பயன். அளவுப்படம் கைக்கு வந்தால் போதும். மிச்சத்தை லேத் பட்டறையும் த்ரீடி பிரின்டரும் பார்த்துக்கொள்ளும். ஆலங்குடித் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கும் சேர்த்தே இதைக் கேட்கலாம். பாகம் கிடைக்காத பாடு அதற்கும் உண்டு.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓடாத வேக்குவம் கிளீனர் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து மிக்சி மெக்கானிக்கிடம் முழுசாகக் கொடுங்கள். மூடி, கொக்கி, ஹோஸ் முனை, அடியில் ஒட்டிய தகடு எதையும் பிய்க்காமல் கொடுங்கள். காயலான் கடைக்காரர் தரும் காசை அவரும் தருவார்.